பதினொரு வெள்ளைக் கட்டங்கள்

களுவாஞ்சிகுடிச் சந்தியில் என் கடை.
ஒரு பக்கம் போட்டோக்கொப்பி பத்து ரூபாய்,
இரு பக்கமென்றால் பதினைந்து. தட்டச்சு தனி.
அடுத்தவர் எழுத்தில்தான் என் வீட்டு உலை கொதிக்கிறது.
ஆகவே நான் சொல்வதைக் கொஞ்சம் கழித்தே கேளுங்கள்.

ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஜெபரெட்ணம்
கூர்ப்பு ஒரு கட்டுக்கதையென்று
நாற்பது பக்கம் அச்சிட்டார்.
ஏழாம் பக்கத்தில் பூரணேஸ்வரி ரீச்சரின் பாடக்குறிப்பு:
‘கண் உண்டான விதத்தை விளக்குவது கடினம்.’
அதன் பின்னால் ரீச்சர் எழுதியிருந்த
‘போலத் தோன்றலாம், ஆனால்’
அவர் சங்கிலிக்கு அப்பால் விழுந்த காணி.

இரண்டாம் பக்கத்தில் தடித்த எழுத்து:
இந்நூலின் ஒரு வரியையேனும்
அனுமதியின்றி எடுத்தாண்டால் வழக்கு.

ரீச்சர் மறுப்பெழுதினார்.
பதினொரு வரிகளை
ஒரு கால்புள்ளியும் சிந்தாமல் எடுத்துவைத்து
ஒவ்வொன்றின் கீழும் பதில்.
எப்படி மணந்ததோ,
அச்சுக்குப் போகும் அன்று
மட்டக்களப்புச் சட்டத்தரணியின் பதிவுத் தபால்.
கடை வாங்கில் இருந்து இரண்டு தரம் வாசித்தார்.
‘வரியளை எடுங்க. இடத்த விடுங்க.’

அப்படித்தான் வந்தது அந்தப் புத்தகம்:
பதினொரு வெள்ளைக் கட்டங்கள்,
ஆளில்லாத கதிரையோடு வாதாடும் பதினொரு பதில்கள்.

உயர்தரப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா?
யாரோ ஒருத்தி பென்சிலால் நிரப்பினாள்.
அதைப் பார்த்து ஒருவன், அவனைப் பார்த்து நால்வர்.
பெரியகல்லாற்றுக்கு ஐந்து கொப்பி,
குருக்கள்மடத்துக்கு எட்டு.
மாரி முடியமுன்
நான்காம் கட்டத்துக் குரங்கு குரக்கனாகிவிட்டது.
ஆறாவதில் ஒரு ‘இல்லை’ உதிர்ந்து
ஜெபரெட்ணம் கூர்ப்பை ஒப்புக்கொண்டிருந்தார்.
செட்டிபாளையத்துப் பிரதியில் மட்டும்
ஒன்பதாம் வரிக்கு எதுகை முளைத்திருந்தது.
அதுதான் அதிகம் பரவியது.

ஒருநாள் குடையோடு வந்தார்.
கட்டங்களை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார்.
‘இது நான் எழுதினல்ல, மனே.’

எழுதினதை அச்சடிக்க விட்டிருந்தால்
எழுதினபடியே இருந்திருக்குமே என்று
நாக்கு நுனிவரை வந்தது.
இயந்திரம் கடதாசியை விழுங்கிச் சிக்கிக்கொண்டது,
அதைப் பார்க்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது
தன் புத்தகத்தின் ஏழாம் பக்கத்தில் நின்றார்.
‘ரீச்சர்ர குறிப்பு முழுசா இரிக்கா?’

இருந்தது. இரண்டு பக்கம்.
சில்லறை இல்லை என்றார்.
பிறகு தாருங்கள் என்றேன்.
இன்னும் தரவில்லை.