குல்கந்துக் கணக்கு

விடிகாலை நாலரை. கோவை பூ மார்க்கெட்.
செண்டுமல்லி மூட்டைகளைத் தாண்டி வந்தவள்
விரல் நீட்டி "கோல்" என்றாள்.
அன்றைக்கு மின்தராசு ரிப்பேர்.
பொங்கியண்ணன் தன் பழைய தராசுக் கோலைத் தொட்டுக் காட்டி
"இதுங்களா?" என்றார்.

இல்லை, பன்னீர் ரோஜா.
இரண்டு கிலோ, தண்ணீர் தெளிக்காதது.
வேளாண் பல்கலைக்கழகத்தில் வடித்துப் பார்க்கவாம்.
பாரசீகத்தில் கோல், அவள் வீட்டுக் குர்தியில் குல்.
முதலில் ரோஜாவுக்கு மட்டும் இருந்த பேர்,
பிறகு எல்லாப் பூக்களும் அதில் வந்து ஒண்டிக்கொண்டன.

எனக்குத் தெரியும் அந்தச் சொல்லை.
பதினோரு வருடமாக அதைச் சீனியில் புதைத்து
மொட்டை மாடி வெயிலில் வைத்து விற்கிறவள் நான்.
எண்பது கண்ணாடி ஜாடி,
எல்லாவற்றின் நெற்றியிலும் ரோஜா குல்கந்து.
ஒருநாளும் உரித்துப் பார்த்ததில்லை.

அவள் உரித்தாள்,
பேக்கரி வாசலில், தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே.
முன்னொரு காலத்தில் வர்த என்று ஒரு சொல்,
அவளுடைய மலைகளின் பக்கம், முள்ளோடு.
மேற்கே நடந்தது. அரபுக்குள் வர்த்,
கிரேக்கருக்கு ரோதோன், ரோமருக்கு ரோசா.
அப்புறம் போர்த்துகீசியர் கப்பலில் ஏறி
நம் ஊர் ரோஜாவாக இறங்கியிருக்கும்.
வீட்டோடு தங்கிய சொல்தான்
பல் உதிர்ந்து, நாக்குச் சுருண்டு, குல் ஆனது.

"அதெப்படிங் வர்த போயி குல் ஆகும்?"
பொங்கியண்ணனுக்கு நெம்பச் சந்தேகம்.
"கோயம்புத்தூர் எப்படிங்க கோவை ஆச்சு?" என்றேன்.
டீயை உறிஞ்சினார்.

அப்படியானால் என் ஜாடிச் சீட்டில்
ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு பேர்,
ஊரைவிட்டுப் போனவனும் போகாதவனும்,
அடையாளம் தெரியாமலே
பதினோரு வருடமாக ஒட்டிக்கொண்டு.

"அப்போ கந்து?"
தோளைக் குலுக்கினாள்.
அவர்களுக்குக் கந்த் என்றால் சர்க்கரைக் கட்டி.
இந்தப் பக்கமிருந்து போனது என்பார்கள்,
சமஸ்கிருதம் என்று ஒருவர்,
அதற்கும் அடியில் கற்கண்டின் கண்டு கிடக்கிறது என்று ஒருவர்.

எனக்குக் கணக்குப் புத்தி.
பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.
வரவு: பாதாம், பிஸ்தா, கிஸ்மிஸ்,
போன வாரம் கடனாக வாங்கிய சப்ஜா.
பற்று: நாரத்தை. அங்கே நாரஞ்சாகி,
இன்னும் மேற்கே போய் ஒரு நிறத்துக்கே பேராகிவிட்டது.
மஞ்சள் போயிருக்கிறது, பேர் போகவில்லை.
காய்ந்த பிறகே அதைக் கண்டவர்கள்
மஞ்சக்குச்சி என்று கூப்பிட்டார்கள்.
ஈரோட்டில் அது விரலி.
இலையோடு, மண்ணோடு பார்த்திருந்தால்
அவர்களும் விரல் என்றிருப்பார்களோ என்னவோ.
புளிக்கு வைத்த பேர்தான் மோசம், இந்தியப் பேரீச்சை.
"நாக்குல வெக்காம வெச்ச பேருங்க" என்றார் பொங்கியண்ணன்.
கந்தை எந்தப் பக்கம் எழுத?
நடுக்கோட்டின் மேலேயே எழுதினேன்.
கூட்டினால் இரண்டு பக்கமும் இடிக்கிறது.

இது பிறகு நடந்தது. அன்றைக்கு,
அவள் ஆட்டோவில் ஏறும்போது பேர் கேட்டேன்.
ஷிலான்.
அதுவும் செடிதான்.
காட்டு ரோஜா உதிர்ந்தபின்
சிவப்பாகக் கொம்பில் நிற்குமே, அந்தக் காய்.
பள்ளிக்கூடப் பதிவேட்டில் அதை
வேறு மொழிப் பூவாக மாற்றி எழுதப் பார்த்தார்களாம்,
அம்மா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாளாம்.
சிரித்தபடிதான் சொன்னாள்.

ஆட்டோ கிளம்பியதும் பூக்கூடைக்குள் கைவிட்டுப் பார்த்தேன்.
இத்தனை வருடத்தில் கேட்கத் தோன்றாதது.
"ஏனுங், பன்னீர் ரோசா காய்க்குங்களா?"

கோலில் ஒட்டியிருந்த இதழை ஊதிவிட்டு
அவர் சொன்னார்:
"காய்க்க எங்கீங்க உடறோம்?
விடியறதுக்குள்ள ஒட்டுக்காப் பறிச்சுப்போடறோமே."