உப்பு நிறம் வேண்டாம்

பையில் பதினான்கு தட்டுகள்.
வாலிநோக்கம் எடைமேடையில்
பகலெல்லாம் டன் எழுதுகிற கை
ராத்திரி சமையல் தராசில்
ஒவ்வொன்றாய் வைத்துப் பார்த்தது:
நூற்று எழுபத்தைந்து கிராம்.
நூற்று அறுபத்தெட்டு.
கத்தி விளிம்பு. குண்டு விளிம்பு.
ஒன்று வழுக்குகிறது, ஒன்று கையோடு ஒட்டுகிறது.

டிஸ்க் கோல்ஃப் என்று சொல்லி
கத்தாரிலிருந்து இறக்கியவன் சீனி உபைதுல்லா.
குழி கிடையாது.
மொட்டைப் பனையில் தொங்குகிறது
கப்பல் உடைத்த காலத்துச் சங்கிலி.
தட்டு பட்டால்
துருவேறிய தொண்டையில் ஒரு செருமல்.
அதுதான் கணக்கு.

ஆடிக் கச்சான்.
மேற்கே எறிந்தால்
லேசானது மல்லாந்து வலப்பக்கம் ஓடுகிறது,
கனத்தது பாதியில் கோபித்துக்கொண்டு
இடது வரப்பில் இறங்குகிறது.
பதினான்கும் பதினான்கு சுபாவம்.
விரல் எதற்கென்று பழகும்?
தப்பியது நானா, தட்டா, காற்றா?

லாரியின் எடையைக் கழிக்காமல்
உப்பு எவ்வளவு என்று
சொல்ல முடியாது.

அன்றைக்கே பதினொன்றைத் திருப்பிக் கொடுத்தேன்.
வைத்துக்கொண்டது மூன்று.
மூன்றும் ஒரே அச்சு, ஒரே எடை, ஒரே விளிம்பு.
பச்சை, பிரிக்காத புதுசு:
எதிர்காற்றில் பிடிவாதமாய் நின்று
கடைசியில் இடப்பக்கம் விழும்.
ஆரஞ்சுக்கு ரெண்டு வருஷத் தேய்மானம்:
காற்று ஓய்ந்த சாயங்காலம்
கோடு கிழித்தமாதிரி போகும்.
வெள்ளை, உடைமுள் கீறி மணல் அரைத்த கிழடு:
வலப்பக்கம் வளைந்து
மரத்துக்குப் பின்னாலும் எட்டிப் பார்க்கும்.
கை ஒரே வீச்சுதான் வீசுகிறது.
எது எங்கே போகும் என்பதைத்
தேய்மானம் பார்த்துக்கொள்கிறது.

(கிட்டத்தில் போட ஒரு குண்டன் உண்டு.
அவனைக் கணக்கில் சேர்க்கவில்லை.)

சீனிக்கு இடதுகை.
என் வெள்ளையை அவன் எறிந்தால்
கடல் பக்கம் வளைகிறது.
"உன் நல்லது எனக்குக் கெட்டதுடா"
என்று சிரித்தான்.
சோடியாக ஆடுகிற நாளில்
இரண்டு பேருக்கும் அது போதும்;
நான் மூடிய பக்கத்தை அவன் திறப்பான்.

போன வெள்ளிக்கிழமை
வெள்ளை உப்பு அம்பாரத்தில் போய் விழுந்தது.
ஒன்றரை மணிநேரம் தேடினோம்.
வெள்ளைக்குள் வெள்ளை.
பன்னீர்செல்வத்தின் சுமை ஆட்கள் மண்வெட்டியோடு நின்று
என்ன தொலைந்தது என்றார்கள்.
தட்டு என்றேன்.
"சாப்பாட்டுத் தட்டா?"
இல்லை என்று சொல்லி விளக்க
எனக்கு மூச்சில்லை.
ஏதோ ஒரு லோடில் ஏறி
தூத்துக்குடி போயிருக்கும்,
உப்போடு உப்பாக,
என் மேடையிலேயே எடை போட்டு,
நூற்று எழுபத்தைந்து கிராம் கூடுதலாக.

பச்சையைத் தார் ரோட்டில் தேய்த்துப் பார்த்தேன்.
காயம் பட்டது, பழக்கம் வரவில்லை.

ஆனால் இந்த வாரம்
ஆரஞ்சு, தானாகவே,
வலப்பக்கம் கொஞ்சம் சாய ஆரம்பித்திருக்கிறது.
பச்சையும் முன்னைப்போல முறைப்பதில்லை.
இனி புதுசு ஒன்று வந்தால் போதும்.

சீனி தோஹாவிலிருந்து போனில் கேட்கிறான்:
அதே அச்சுதானே? அதே எடைதானே?
என்ன நிறம்?

எதுவானாலும் சரி என்றேன்.
உப்பு நிறம் மட்டும் வேண்டாம்.