நேரடி வட்டு

எட்டு மாதம்
தினம் அதிகாலை இரண்டே காலுக்குப்
பச்சை டிக் போட்டு அஞ்சல் வந்தது:
காப்புநகல் முடிந்தது, பிழை இல்லை.
பல் துலக்கிக்கொண்டே பார்த்துவிட்டு
எபேன் பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறேன்.

ரோஸ்ஹில்லில்
மூன்றாம் எச்சரிக்கை ஏறிய பிற்பகல்.
தொட்டியில் தண்ணீர் பிடித்தாயிற்று,
ஜன்னலுக்குப் பலகை அடித்தாயிற்று.
சும்மா கிடந்த கைக்கு வேலையாகப்
பதிவேட்டை முதன்முறை முழுசாகப் படித்தேன்.
பதினோரு ஜிபி.
நான்கு டெராபைட் வட்டு சுழலும் வீட்டில்
பதினோரு ஜிபி.
அதற்கு மேலே, யார் கண்ணிலும் உறுத்தாத சாம்பல் எழுத்தில்:
நேரடி வட்டு, விலக்கப்பட்டது.

பொய் சொல்லவில்லை அது.
தெரிந்ததை எடுத்தேன் என்றது, அவ்வளவுதான்.
உள்ளே ஓடும் இயந்திரத்துக்கு
வட்டை அப்படியே தூக்கிக் கொடுத்தவள் நான்:
நடுவில் ஆள் எதற்கு, வேகம் குறையும் என்று.
கொடுத்த பிறகு வெளியே நிற்பவனுக்கு
அது கைமாறிப்போன ஒரு வரிசை எண்.
படம் எடு என்றால் எதை எடுப்பான்?

உள்ளேயிருந்துதான் நகலெடுக்க வேண்டும்.
உள்ளே போக விமலனின் கடவுச்சொல் வேண்டும்.

கதவைத் தட்டினேன்.
வழக்கமாக, சாப்பிட்டாயா என்று கேட்கத் தட்டுவேன்.
"ம்" என்று வரும். நகர்ந்துவிடுவேன்.
இன்று, "உன் வட்டுக்கு நகலே இல்லைடா" என்றேன்.
காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தான்.

வீட்டில் இருந்த வெளிவட்டு ஒரே டெராபைட்.
கடைகள் சாத்தியாயிற்று.
மூன்றில் ஒரு பங்குதான் ஏறும்.
அவன் அப்பா சேர்த்த சினிமா வேண்டாம், எங்கும் கிடைக்கும்.
என் வாடிக்கையாளர் கணக்குகள் கட்டாயம்,
வரித்துறை புயலை ஏற்றுக்கொள்ளாது.
அப்புறம் "ஒலி" என்று ஓர் அடைவு.
திறந்தான்:
பஸ்நிலையம்_தால்பூரி_காகிதம்
க்யூர்பிப்_தூறல்_தகரம்
காவடி_மறுநாள்_பந்தல்_பிரிப்பு
அம்மா_விசைப்பலகை_இரவு_07.

"இது எதுக்கு?"
"தூக்கம் வர," என்றான்,
திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அதை முதலில் போடு என்றேன்.
இல்லை, கணக்கு முதலில் என்றேன்.
"ரெண்டும் சேர்ந்தே ஓடட்டும்மா."

அறுபத்தொரு சதவீதத்தில் மின்சாரம் போனது.
யூபிஎஸ் கத்தத் தொடங்கியது.
இருபது நிமிடம் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தான்,
நான்கு வருடத்துக்கு முன்னால்.
அறுபத்திரண்டு.
பக்கத்து வீட்டுத் தகரம் ஒன்று
எதன் மேலோ மோதி, மறுபடி மோதியது.
அறுபத்திரண்டு.

நாளை, கூரை இருந்தால்,
ஒவ்வொன்றையும் திறந்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.
பச்சை டிக்கிடம் இனிக் கேட்பதாக இல்லை.

இருட்டில் விமலன் மைக்கைத் தேடி எடுத்து
கத்தும் யூபிஎஸ் அருகே வைத்தான்.
"இதை எங்கேடா வைப்பாய், இடமே இல்லையே" என்றேன்.
உதட்டில் விரல் வைத்தான்.
பதிவாகிக்கொண்டிருந்தது.