மூடியைத் திறக்காமல்

ரிச்சி தெருவில் யூனுஸ் பாய்
கண்ணாடி மேசைமேல் மூன்றையும் பரப்பினார்.

ஒன்று பச்சைப் பலகை, விளிம்பில் தங்கப் பல்வரிசை.
சிபியூவைத் திறந்து உள்ளே செருகணும்.
ஆயிரத்து இருநூறு. நிகழ்ச்சி பதியும்.
இன்னொன்று கட்டைவிரல் நீளம், யூஎஸ்பியில் தொங்கும்.
"உங்க மிஷின் பழசும்மா, திக்கித் திக்கித்தான் ஓடும்."
மூன்றாவது கறுப்புப் பெட்டி,
மானிட்டருக்கும் சிபியூவுக்கும் நடுவில் உட்காரும்.
ஆயிரத்து எண்ணூற்றைம்பது.
"கம்ப்யூட்டர் அணைஞ்சிருந்தாலும் இது ஓடும்.
ஆனா பதியாது."

திரும்பச் சொல்லச் சொன்னேன்.
கடைசி வார்த்தையை அல்ல,
அதற்கு முந்தைய வரியை.

எங்கள் டிவி டிசம்பரில் செத்தது.
கம்ப்யூட்டர் ரெமிஜியஸுடையது.
தவணை என்னுடையது.
பாஸ்வேர்டு அவனுடையது.
ராயப்பர் திருவிழா ராத்திரி, நல்ல போதையில்,
செருப்பைக்கூடத் தலைக்கு வைத்துத் தூங்கியவன்
அதை மட்டும் உளறவில்லை.

"உள்ள வைக்கிறதுதான் கெத்து.
வெளிய வச்சா ஒயரு ஒயரா தொங்கும்" என்றான் முந்தின நாள்.
உள்ளே போன எதுவும்
பெட்டிக்காரனுக்குத்தான் என்பது
எனக்கு வேறு கணக்கில் தெரியும்.
ஏழு வருஷத் தையல் கூலி
சிமெண்டாகி அந்தச் சுவரில் இருக்கிறது.
பட்டா அவன் பேரில்.

மூடியைத் திறந்தால் இன்னொரு தொல்லை.
காயப்போட்ட வெள்ளைத் துணியில்
துறைமுகத்துக் கரி வந்து படியும் தெரு எங்களுடையது.
போன வருஷம் ஃபேன் துடைக்கத் திறந்தோம்.
உள்ளே அடுப்பங்கரை.

ஆனாலும் பதியணும்.

செவ்வாய்க்கிழமை கல்மண்டபத்தில்
குடங்களை வரிசையாக வைத்து ரோட்டில் உட்கார்ந்தோம்.
ஒன்பது நாளாக லாரி வரவில்லை.
லோக்கல் கேபிள் பையன் கேமராவோடு வந்து
நேராக என் வாயில் மைக்கை நீட்டினான்.
பேசினேன். என்ன பேசினேனென்று
இறங்கிய ஆவேசத்தில் எனக்கே தெரியாது.
"புதன்கிழமை ஒம்பதரைக்குப் போடுவோம்க்கா."

பச்சைப் பலகையா, கறுப்புப் பெட்டியா?
யூனுஸ் பாய் கால்குலேட்டரில் விரலை வைத்தபடி காத்திருந்தார்.
பதிந்தாலும் அவன் டிரைவில்தானே பதியும்,
அவன் கார் ரேஸுக்கும்
அவன் கிரிக்கெட்டுக்கும் இடையில் என் முகம்.
இடம் போதாத ஒரு நாள்
முதலில் போவது எது?

பெட்டியை எடுத்தேன்.
கேட்காமலே ஐம்பது குறைத்தார்.

புதன்கிழமை அவனுக்கு ரெண்டாவது ஷிப்ட்.
பிளக்கை மாட்டினேன், கேபிளைத் திருகினேன்.
மானிட்டர் நீலமானது.
ஒவ்வொரு எண்ணாகத் தேடிப்போய்
எழுபத்தொன்றில் நின்றது.
ஒன்பது இருபதுக்குக் கரண்ட் போனது.
தெருவே சபித்தது.
ஒன்பது முப்பத்து நாலுக்கு வந்தது.

அடகுக்கடை விளம்பரம்.
பிறகு கல்மண்டபம்.
மரகதம் அக்காவின் முழங்கை, மஞ்சள் குடம்,
பிறகு நான்.

என் வாய் அசைந்தது. கை வீசியது.
கழுத்து நரம்பு புடைத்திருந்தது.
சத்தம் இல்லை.

ஸ்பீக்கர் பின் சிபியூவிலேயே இருந்தது,
அணைந்து கிடந்த அதன் முதுகில்.
மேசைக்கடியில் புகுந்து, தலையை இடித்து,
பிடுங்கிப் பெட்டியில் குத்தினேன்.
"திருவொற்றியூர் பகுதியில் நாளை மின்தடை,"
ஒரு பெண் கணீரென்று வாசித்தாள்.

மரகதம் அக்கா ஓடி வந்தாள்.
"டெல்ஃபின், சூப்பரா பேசினடி!"
"என்னக்கா பேசினேன்?"
"அதான்... தண்ணி பத்தி."

அவன் வந்தபோது மணி பன்னிரண்டு.
கம்ப்யூட்டர் அணைந்திருந்தது.
பெட்டியில் மட்டும் சிவப்பாக ஒரு புள்ளி.
தொங்கும் ஒயர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.
"ரிமோட் எங்க?"

தலையணைக்கு அடியில் இருந்தது.
இன்னொரு தரம் கேட்கட்டும் என்று
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.