பதினோராம் சுற்று

அயர்லாந்தின் மேற்கோரம்.
கூடைப்பந்துக் கூடத்தில் இரவு இரண்டரை மணி.
பகலில் நான் கடன் சங்கத்தில் பிறர் பணம் எண்ணுகிறவள்.
இன்று அதே ரப்பர் விரலுறை; பிறர் மனம்.

இங்கே வாக்கென்பது ஒற்றைப் பெருக்கல் குறி இல்லை.
ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பங்களின் வரிசை.
முதல் பந்தியில் இலை கிடைக்காத சீட்டு
பசியோடு வீடு திரும்புவதில்லை;
எழுந்து அடுத்த பந்திக்கு நடக்கிறது.
வென்றவரின் இலையில் வழிந்ததும்கூட
பங்கு பிரிந்து பக்கத்து இலைக்குப் போகிறது.

பதினான்கு பேர், நான்கு நாற்காலிகள்.
மூன்று நேற்று மாலையே நிறைந்துவிட்டன.
நான்காவதற்கு ஃபின்டன் லவெல், சோர்க்கா பிரீன்.
லவெல் முந்நூற்றுத் தொண்ணூறு முன்னால்.

தடுப்புக் கம்பியில் வயிறு அழுந்தச் சாய்ந்து
ஃபாக்ட்னா பென்சிலால் கோடு போடுகிறான்.
எந்தப் பெட்டி எந்த மேட்டிலிருந்து வந்தது,
எந்த மேட்டில் யாருக்கு யாரோடு வேலித் தகராறு,
எல்லாம் அவன் நோட்டில் இருக்கிறது.
‘அடுத்து மலக்கியை இறக்குவார்கள்’ என்றான்.
இறக்கினார்கள்.

மலக்கி டூஹி கேட்டது ஒன்றே ஒன்று:
சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகு ஒரு பஸ்.
ஆயிரத்து முந்நூற்று நாற்பது சீட்டுகள் அவர் பெயரில்.

என் தம்பி டெக்லன் இங்கிலாந்தில், லிங்கன்ஷயரில்.
முப்பது வருடமாக ஓட்டுப் போடுகிறான்,
கிணற்றில் கல் போடுகிறவன் மாதிரி;
ஒருமுறைகூட ‘தளக்’ என்று சத்தம் கேட்டதில்லையாம்.
ஆனால் விடிவதற்குள் அங்கே யார் ஆள்வதென்று தெரிந்துவிடும்.
பிடிக்காவிட்டால் யாரைத் திட்டுவதென்றும் தெரியும்.
‘உங்கள் ஊரில் ஓட்டுப் போட்ட பிறகுதானே
பேரமே தொடங்குகிறது’ என்று போனில் சிரித்தான்.
பொய்யில்லை.
வாரக்கணக்கில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள்;
ஐந்து பேருள்ள கட்சி அறுபது பேரின் காதைத் திருகும்;
எந்த அறிக்கையிலும் நாங்கள் படிக்காத ஒன்று
ஆட்சி என்று வெளியே வரும்.
சின்னக் கதவைத் திறந்து வைத்தால்
பஸ் கேட்கிறவனும் வருவான்,
வந்தேறிகளை விரட்டு என்று கத்துகிறவனும் வருவான்.
(அவன் ஏழாம் சுற்றில் போனான்.
அவன் சீட்டுகளையும் இதே விரல்களால்தான் பிரித்தேன்.
ஒன்றில் இரண்டாம் விருப்பம் மலக்கி.
வெறுப்புக்கும் வீடு போய்ச் சேர பஸ் வேண்டியிருக்கிறது.)

மலக்கியின் கட்டைப் பிரித்தேன்.
பாதியில் கை நின்றது.
ஏழுக்கு இடுப்பில் கோடு, ஒன்றுக்கு மூக்கு.
என் கையெழுத்து.
மலக்கிக்கு ஒன்று. இரண்டும் மூன்றும் முன்பே தோற்றவர்கள்.
நான்கு பிரீனுக்கு.
எங்கள் தபால் நிலையத்தை மூடியபோது
வாயே திறக்காத அதே பிரீன்.
அவளைப் பிடித்துப் போட்டதில்லை,
லவெலை இன்னும் பிடிக்காமல் போட்டது.
அதுவும் முழு ஓட்டுதான். எடையில் குறைவில்லை.

பிரீனுக்கு எழுநூற்று இரண்டு.
லவெலுக்கு முந்நூற்று எட்டு.
மீதி முந்நூற்று முப்பதில் இருவருக்கும் ஒன்றுமில்லை;
பெயருக்கு நேரே வெறும் வெள்ளை.
பிடிவாதமா, சோம்பலா,
போதும் இந்தச் சனியன் என்ற அலுப்பா,
காகிதம் சொல்லவில்லை.

நான்கு ஓட்டில் பிரீன்.
மறுபடி எண்ணுங்கள் என்றார் லவெலின் வக்கீல்.
ஐந்து மணிக்கு, மூன்று ஓட்டில் பிரீன்.
தோளில் தூக்கினார்கள்.
‘என்னை நம்பி வந்த ஒவ்வொரு வாக்கும்…’
அவளுக்குத் தொண்டை அடைத்தது.
நான் விரலுறையைக் கழற்றினேன்.

வெளியே மழை.
பஸ் வராத நிறுத்தத்தின் கூரைக்கடியில்
மலக்கி, நனைந்த துண்டறிக்கைகளோடு.
கார்க் கண்ணாடியை இறக்கினேன். ‘ஏறுங்கள்.’

மூன்று மைல் தாண்டிக் கேட்டார்:
‘யாருக்குப் போட்டாய்?’
‘வரிசையாக’ என்றேன்.
தலையாட்டினார்.
‘பிரீனிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்,
உனக்கு வந்த எழுநூற்று இரண்டு பேரும்
இன்னும் பஸ்ஸுக்குத்தான் நிற்கிறார்கள் என்று.’