அங்க அடையாளம்

ஏழு வருடம் முடிந்த மறுநாள்
நியூகாசில் கச்சேரியில் நின்றேன்,
தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு.
குமாஸ்தா பேரேட்டைப் புரட்டினார்.

"ஏனோக் வாடில். வில்ட்ஷயர்.
தேவாலயக் கூரையில் ஈயத்தகடு திருடியவன்.
உயரம் ஐந்தடி நாலு அங்குலம். கண் சாம்பல் நிறம்.
இடது முன்கையில் பச்சை குத்திய எழுத்து, டபிள்யூ."

கையைப் பார்த்தார்.
கண்ணைப் பார்த்தார்.
"நீ அவன் இல்லையே."

நான் அவன்தான் ஐயா.
அக்கரைச் சுண்ணாம்புக் காளவாய் தெரியுமில்லையா,
அங்கேதான் இருந்தேன்.
வோரிமி சனங்கள் எத்தனையோ தலைமுறையாய்த்
தின்று போட்ட சிப்பி
மேடு மேடாய்க் கிடந்தது.
அதை அள்ளித்தான் எரித்தோம்.
சிட்னியில் எழும்புகிற சுவருக்கெல்லாம் அதுதான் சாந்து.
சுட்ட சுண்ணாம்பைக் கூடையில் ஏற்றி
இடுப்பளவு கடலில் இறங்கிப் படகுக்குப் போகணும்.
அலை தெறித்தால் போச்சு,
முதுகில் உலை கொதிக்கும்.
கை வெந்து உரிந்தது மூன்று தடவை.
மூன்றாவதாய் வந்த தோலில் எழுத்து இல்லை.
கண் போனது இரண்டாம் குளிர்காலத்தில்.
இப்போது உங்கள் முகமே எனக்கு
நனைந்த காகிதம்.

அந்தச் சனத்தில் ஒரு பெண் தினமும் வந்து நிற்பாள்.
மேடு தேயத் தேய
ஓரடி கிட்டே வருவாள்.
ஒன்றும் கேட்டதில்லை.
நான் தலை குனிந்து அள்ளுவேன்.
திருட்டென்றால் என்னவென்று தெரிந்தவன் நான்.

"கதை வேண்டாம். கையில் என்ன எழுத்து இருந்தது?"

எம், ஐயா.
என் பெண்டாட்டி மெர்சிக்கு எம்.
கப்பலில் ஜெம் லஸ்க் குத்திவிட்டான்,
ஊசியும் விளக்குக் கரியும் வைத்து.
எனக்கு எழுத்து தெரியாது. அவன் சொன்னதுதான்.

"பேரேட்டில் டபிள்யூ."

ஜன்னலோரம் இருந்த காவலாள்தான் சிரித்தான்.
அவன் பக்கம் எம் என்றால்
உங்கள் பக்கம் டபிள்யூதானே என்றான்.
ஏழு வருடம்
நான் மெர்சி மெர்சி என்று தடவியது
ராஜாங்கத்துக்குத் தலைகீழாய் நின்றிருக்கிறது.
காட்டி வழக்காட
அந்தக் கோணல் கரிக்கோடும் இப்போது இல்லை.

குமாஸ்தா இன்னொரு புத்தகம் எடுத்தார், தடித்தது.
"சட்டையைக் கழற்று."

கழற்றினேன்.
கை படாமல் பேனாவின் மறுமுனையால் தடவிப் பார்த்தார்.
ஐம்பது அடி, ஓடிப்போனதற்கு.
இருபத்தைந்து, மேஸ்திரியை முறைத்ததற்கு.
சுண்ணாம்பு குடித்துக் குடித்துத்
தழும்பெல்லாம் கயிறாய்த் திரண்டிருந்தன.

"சரி. நீதான்."

தங்கள் கையெழுத்தை
அவர்கள் மறப்பதில்லை.

மணல் தூவி, ஊதி, சீட்டை நீட்டினார்.
புதிதாய் என்ன எழுதியிருக்கிறது என்றேன்.
"கண் வெண்மை. கையில் எழுத்து ஏதுமில்லை."

வெளியே நல்ல காற்று.
சட்டையைத் தோளில் போட்டபடி
படகுத்துறை வரை போனேன்.
எங்கே போவதென்று இன்னும் யோசிக்கவில்லை.
அக்கரையில் புகை. அது மட்டும் தெரிந்தது.
என் கூடையை எவனோ
எடுத்திருப்பான்.