உயரம் மாறவில்லை

மெலிங்காவுக்குப் போகும் வழியில்
எவரிஸ்டோ தூங்கிவிட்டார்,
காலிடுக்கில் விதை உருளைக்கிழங்கு மூட்டை.
ஆட்டோபைலட்டிடம் ஆறாயிரம் அடி என்றிருந்தேன்.
ஆறாயிரத்திலேயே நிற்கிறது முள்
ஆணியடித்தாற்போல்.

கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளை.
திசைகாட்டி, உயரமானி, ஜிபிஎஸ் கோடு:
ஊருக்குக் கிளம்பும் முன்
அடுப்பையும் குழாயையும் பார்ப்பதுபோல்
சுற்றிச் சுற்றி வருகிறது கண்.

வேகம் நூற்றுப்பத்து.
அடுத்த சுற்றில் நூற்று நான்கு.
தொண்ணூற்றேழு.

இறக்கையின் தாங்குகம்பியில்
விரற்கடைக்குப் பனிக்கட்டி.
இது வாயே திறக்கவில்லை.
பாரம் ஏற ஏற
மூக்கைத் துளித்துளியாய் உயர்த்தி
கேட்ட உயரத்தைக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.
ஞாயிறுதோறும் போனில்
"நல்லாத்தான் இருக்கேன்" என்கிற
என் தங்கை ஓர்ஃபா மாதிரி.

அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பொத்தானை அழுத்தி விடுவித்தேன்.
எகிறப் பார்த்த மூக்கை
இரண்டு கையாலும் அமுக்கிக்
கடலை நோக்கி இறக்கினேன்.
இரண்டாயிரத்து ஐந்நூறு அடியில்
பட்டை பட்டையாய்க் கழன்று
கதவில் அறைந்துவிட்டுப் போனது பனி.

"வந்துட்டோமா?"

"இல்லை. அந்த முள்ளைப் பார்த்து
சத்தமாகச் சொல்லிக்கொண்டே வாருங்கள்."

"நூற்றுமூன்று" என்றார்,
சந்தையில் கிழங்கு எண்ணும் குரலில்.
"நூற்றெட்டு."